ஊசிப்பாலையை இனங்கண்டவர் ஜெசிந்தா

ஜெசிந்தா காலமான செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது காலை ஏழு மணி இருக்கும். பாடசாலைக்குப் போகும் பஸ் பாலாவிச் சந்தியில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. மனையியல் கற்பிக்கும் ரமீஸா தொலைபேசியில் அழைத்தார்.

“கௌரி டீச்சர், எங்கட ஜெசிந்தா மௌத்தாகிட்டா. நேத்துப் பின்னேரம். தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்காம்.”

அதற்கு நான் கேட்டதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. “உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டேன்.

“தங்கச்சி எடுத்துச் சொன்னா. நான் அதிபருக்கும் மத்த ஆக்களுக்கும் சொன்னேன். உங்களுக்கு விடியச் சொல்லுவம் எண்டு விட்டேன்.”

பஸ் கற்பிட்டிப் பாதையில் திரும்பியது. கண்ணீர் வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது வேறொன்று. எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்ற எரிச்சல். ஜெசிந்தா இறந்த காலையிலும் நான் வரிசையில் எத்தனையாவது ஆள் என்று எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நுரைச்சோலையைத் தாண்டிய பிறகே அழுதேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அதிபர் கேட்டபோது முதலில் மறுத்தேன். இந்த மலரில் எழுதும் மற்றவர்கள் எல்லோரும் ஜெசிந்தாவை நேசித்தவர்கள். அவருடைய சிரிப்பு, பிள்ளைகளோடு அவர் காட்டிய பொறுமை, ஒரு வெள்ளைத் தாளை எல்லோரும் பார்க்கும் ஒன்றாக மாற்றிவிடும் அவர் கை, இவற்றைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள். அத்தனையும் உண்மை. நான் அவர் மீது பொறாமைப்பட்டவள். ஒரே பாடசாலையில் இருந்த ஏழு வருடமும், அவர் சிலாபத்துக்கு மாற்றலாகிப் போன பின்பு மூன்று வருடமும் பொறாமைப்பட்டேன். அந்தப் பொறாமையினால் நடந்த ஒரு காரியம் உங்களில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. அதை மறைத்துக்கொண்டு அஞ்சலி எழுத என்னால் முடியவில்லை.

புதிதாக வந்த ஆசிரியர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வன்னியில் பிறந்தவள். யுத்த காலத்தில் குடும்பத்தோடு புத்தளத்துக்கு வந்து, பிறகு இங்கேயே வேலையும் கிடைத்து நிலைத்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து வந்தவள் என்று எங்கள் பாடசாலையில் அப்போது நான் ஒருத்திதான். மதிலோரம் முளைத்த பூண்டோ கடற்கரையில் கிடந்த காயோ, பிள்ளைகள் எதைக் கொண்டு வந்தாலும் என் மேசைக்குத்தான் கொண்டு வருவார்கள். கதிரையை விட்டு எழும்பாமலே பெயரைச் சொல்லி அனுப்புவேன். பதினொரு வருடம் அப்படி இருந்தேன். பிறகு சித்திரம் கற்பிக்க ஜெசிந்தா வந்தார்.

அவர் சிலாபத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பன் கடல் தொழில். என்னைவிட நான்கு வயது இளையவர். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவார். வந்து ஒரு மாதத்துக்குள் ரமீஸாவை ‘ராத்தா’ என்றும், அலுவலக எழுதுவினைஞரை ‘அண்ணா’ என்றும், வாசலில் நிற்கும் காவலாளியை ‘மாமா’ என்றும் அழைக்கத் தொடங்கினார். என்னை மட்டும் கடைசி வரைக்கும் ‘ரீச்சர்’ என்றுதான் அழைத்தார். மரியாதையால் அப்படி அழைக்கிறார் என்று ரமீஸா சொல்வார். நான் அதை நம்பவில்லை.

அவருடைய இரண்டாவது கிழமையோ மூன்றாவது கிழமையோ, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கொடியைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்கள். “முடக்கொத்தான்,” என்றேன். அவர்கள் போகத் திரும்பினார்கள். ஜன்னலடியில் இருந்த ஜெசிந்தா, “கொஞ்சம் தாங்க பாப்பம்,” என்று அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இந்தக் காய்க்குள்ள காத்து அடைச்சிருக்கு, தெரியுதா? எத்தின மூலை? எண்ணுங்க.” பிள்ளைகள் எண்ணினார்கள். உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே கறுப்பு விதையில் வெள்ளையாக ஓர் இதயம் வரைந்தது போல இருப்பதைக் கண்டு ஒருவருக்கொருவர் காட்டினார்கள். மணியடித்தும் போகவில்லை. “பேர் பிறகு வரும், பிள்ளைகள். முதல்ல வடிவாப் பாருங்க,” என்றார் ஜெசிந்தா. அவர் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை என்று இன்று தெரியும். அன்று குத்தியது. அந்த வருடம் முடிவதற்குள் பிள்ளைகள் செடிகளை ஜன்னலடிக்குத்தான் கொண்டு போனார்கள். பெயர் வேண்டுமென்றால் அங்கிருந்து ஒருத்தியை என்னிடம் அனுப்புவார்கள்.

ஜெசிந்தாவுக்குப் பெயர்கள் மனதில் நிற்பதில்லை. ஒரே செடியின் பெயரை மாதத்துக்கு ஒரு தடவை என்னிடம் கேட்பார். “எனக்குப் பேர் தங்காது ரீச்சர், கோவிக்காதீங்க,” என்று சிரிப்பார். ஆனால் ஒரு தடவை பார்த்த இலையை ஒரு வருடம் கழித்தும் நரம்பு நரம்பாக வரைவார். ஒருநாள் வீட்டில் தனியாக இருந்தபோது, பூவரசம் இலையை மனதில் இருந்து வரைந்து பார்த்தேன். இலைகளின் வடிவங்களை எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் வரைந்து படிப்பித்தவள் நான். தாளில் வந்தது பாடப்புத்தகத்தில் இருக்கும் இதய வடிவம்தான். எங்கள் வீட்டு வேலியில் நிற்கும் பூவரசு அதில் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஜெசிந்தா மீது கோபமாகவே சமைத்தேன்.

இனி அந்தக் காரியம் நடந்த பள்ளத்தின் கதை.

குறிஞ்சிப்பிட்டியில் மிளகாய்த் தோட்டங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் களப்பு, நடுவில் மணல். அப்படியிருந்தும் அந்தப் பள்ளத்தில் நிற்பது நல்ல தண்ணீர். ஓரம் முழுக்கக் கோரையும் சம்பும். நிலம் ஜவாத் ஹாஜியாருக்குச் சொந்தம். அவருடைய மகள் என்னிடம் உயிரியல் படித்தவள். ஓர் ஆகஸ்ட் மாதம், விடுமுறைக்கு முந்திய கிழமை, சுற்றாடல் கழகப் பிள்ளைகளை நானும் சித்திரக் கழகப் பிள்ளைகளை ஜெசிந்தாவும் அங்கே கூட்டிக்கொண்டு போனோம்.

கோடையில் தண்ணீர் சுருங்கியிருந்தது. கோரைகளைச் சுற்றிக்கொண்டு ஒரு மெல்லிய கொடி ஏறியிருந்தது. இலைகள் எதிரெதிராக, ஒடுக்கமாக, நுனி கூராக இருந்தன. பூவும் இல்லை, காயும் இல்லை. ஒரு பிள்ளை இலையைக் கிள்ளினாள். பால் வந்தது.

“நன்னாரி,” என்றேன்.

ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினார். கொடியின் அடியைத் தேடிக் கையை விட்டு, ஒரு துண்டு வேரைக் கிள்ளி எடுத்து மூக்கில் வைத்தார்.

“மணக்கேல்ல ரீச்சர்.”

“இளம் வேர் மணக்காது.”

“நன்னாரி இலையில நடுவில வெள்ளைக் கோடு மாதிரி இருக்குமே. இதில இல்லை.”

“எல்லாச் செடியிலயும் இருக்காது.”

“அது சரி.” அவர் முழங்கால் வரை சேற்றோடு நின்று யோசித்தார். “ஆனா நன்னாரி தண்ணிக்குள்ள காலை வைச்சுக்கொண்டு நிக்குமா? எங்கட பக்கம் காஞ்ச பத்தைக்குள்ளதானே கிண்டி எடுக்கிற.”

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஒரு செடியை இனங்காணும்போது அது நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உயர்தர வகுப்பில் முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுப்பவள் நான். “ஈரத்திலயும் வரும்,” என்றேன். அப்படி எங்கேயும் நான் படித்ததில்லை.

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு அவர் கரையில் இருந்து வரையத் தொடங்கினார்.

அந்தப் படம் அடுத்த தவணை ஆசிரியர் ஓய்வறை அறிவித்தல் பலகையில் தொங்கியது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொடி, அதைத் தாங்கிய கோரை, கீழே தண்ணீர். கீழே பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: ‘தண்ணீருக்குள் நிற்கும் கொடி. பெயர் தெரியாது.’ ஓய்வறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நான் அந்தத் ‘தெரியாது’ என்ற சொல்லை நீலப் பேனாவால் வெட்டி, மேலே ‘நன்னாரி’ என்றும் அதன் விஞ்ஞானப் பெயரையும் எழுதினேன். அவருடைய படத்தில். பின்னேரம் ஜெசிந்தா அதைப் பார்த்தார். நான் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்துவது போலக் குனிந்திருந்தேன். அவர் படத்தைக் கழற்றவில்லை. அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து ஹாஜியார் என்னைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார். அந்தப் பள்ளத்தை மண் போட்டு நிரப்பி, காற்றாடி கட்டிக் கடலில் ஓடும் வெள்ளைக்காரருக்காக தங்குவதற்கு நாலைந்து கபானாக் குடில்கள் கட்டப் போவதாகச் சொன்னார்.

“மகள் செல்லுறா, டீச்சர்ட்ட ஒரு வார்த்தை கேளுங்க வாப்பா எண்டு. அந்தப் பள்ளத்துல அருமையான செடி கொடி என்னமும் ஈக்குதா? ஈந்தா செல்லிப்போடுங்க. தெரியாமச் செஞ்சு பாவம் வரக்கூடா.”

எத்தனை பேர் தங்கள் சொந்த நிலத்தைப் பற்றி இப்படி வந்து கேட்பார்கள்? அந்த மனிதருக்கு நான் ஓர் உண்மையான பதிலைச் சொல்லியிருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை, பூக்கும் வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் பலகையில் தொங்கும் படத்தில் நான் எழுதியது பிழை என்றாகிவிடும்.

“அப்பிடி ஒண்டும் இல்லை ஹாஜியார்,” என்றேன். “கோரையும் நன்னாரியும்தான்.”

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை நடுப்பகுதியில் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கால் தானாகவே அந்தப் பக்கம் போனது. பள்ளம் நிரம்பியிருந்தது. கோரை நெஞ்சளவு உயர்ந்திருந்தது. அதன் மேல் அந்தக் கொடி பூத்துக் கிடந்தது.

நன்னாரியின் பூ கடுகு போலச் சின்னது. உள்ளே மங்கிய ஊதா. இது சிறு கிண்ணம் அளவுக்கு விரிந்து, தலை குனிந்து தொங்கியது. வெளியே வெள்ளை. உள்ளே இளஞ்சிவப்பு படர்ந்து, அதில் ஊதா நரம்புகள் வலை பின்னியது போல ஓடின. இதழ் விளிம்பில் மெல்லிய மயிர். பட்டுச் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினேன். ஒரு பூவைப் பறித்து, சேலையில் குத்தியிருந்த ஊசியால் பிரித்தேன். மகரந்தம் பொடியாக இல்லை. எருக்கலையில் இருப்பது போலச் சோடி சோடியாகச் சின்னப் பொதிகளாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் பழைய புத்தகங்களை இறக்கினேன். ஊசிப்பாலை. எருக்கலைக்குச் சொந்தக்காரி. குளத்தோரங்களிலும் ஈரப் பள்ளங்களிலும் மட்டும் வருவது. இந்த நாட்டில் இயல்பாகவே வளரும் கொடி. எங்கள் குடாநாட்டில் நான் அதை அதற்கு முன் கண்டதில்லை.

அன்று எனக்கு வந்த சந்தோசத்தை நான் மறைக்கப் போவதில்லை. அதோடு சேர்ந்து வந்ததையும் மறைக்கப் போவதில்லை. ஜெசிந்தா சொன்னது சரி என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். ஓய்வறை முழுக்கக் கேட்கும். ரமீஸா சிரிப்பார். பிள்ளைகள் இன்னும் ஜன்னலடிக்குப் போவார்கள். அதனால் ஒரு திட்டம் போட்டேன். தவணைப் பரீட்சை முடியட்டும். செடி அழுத்தும் பலகையைக் கொண்டு போய் மாதிரி எடுத்து, மலைநாட்டில் இருக்கும் உலர்தாவரச் சேகரிப்புக்கு என் பெயரில் அனுப்புவேன். அவர்களுடைய பதில் கையில் வந்த பிறகு, நான் தேடிக் கண்டதாக எல்லோருக்கும் சொல்வேன். ஜெசிந்தாவுக்கும் அப்போது சொல்வேன்.

ஹாஜியாருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. மழைக்குள் யார் மண் போடப் போகிறார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழிந்தது. பரீட்சையின் கடைசி நாள் பின்னேரம், பழைய பத்திரிகைத் தாள்களையும் பலகையையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு குறிஞ்சிப்பிட்டிக்கு பஸ் ஏறினேன். மிளகாய்த் தோட்டத்தைத் தாண்டியதும் சிவப்பு மண் தெரிந்தது. பள்ளத்தின் பாதி இல்லை. கோரையும் சம்பும் நின்ற தெற்குப் பக்கம் முழுவதும் தட்டையாக, டயர் அடையாளங்களோடு கிடந்தது. நான் பூப் பறித்த இடம் அதற்குள்தான் இருந்தது.

மிச்சமிருந்த பக்கத்தில், முக்காலி ஒன்றைப் போட்டு, மடியில் பலகையை வைத்துக்கொண்டு ஜெசிந்தா வரைந்துகொண்டிருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவருக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றவர் ஹாஜியார்.

என்ன நடந்தது என்பதை ஹாஜியார்தான் சொன்னார். மண் ஏற்றிக்கொண்டு டிப்பர்கள் போவதை ரமீஸா முந்தின நாள் கண்டு ஜெசிந்தாவுக்குச் சொல்லியிருக்கிறார். ஜெசிந்தா லீவு போட்டுவிட்டு விடியவே முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்.

“நான் என்னமோ சட்டம் கதைக்கப் போறா எண்டு நெனச்சேன்,” என்றார் ஹாஜியார். “ஒண்டும் கதைக்கல்ல. தண்ணிக்குள்ள எறங்கி இந்தப் பூவை நிமித்திக் காட்டிச்சு. ‘ஹாஜியார், இதை ஒருக்காப் பாத்துட்டு நிரப்புங்க’ எண்டு மட்டும்தான் செல்லிச்சு. பாத்தேன். நாப்பது வருசமா இந்தத் தண்ணில கால் கழுவுறேன், ஒரு நாளும் இதைக் கண்டதில்ல. பொறகு எப்பிடி டீச்சர் நிரப்புற? டிப்பர்காரனைப் போகச் செல்லிட்டேன்.” பிறகு சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். “நீங்க இல்லை எண்டீங்களே?”

ஜெசிந்தா தலையை நிமிர்த்தினார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார். அதற்கு வெளியே பத்திரிகைத் தாள்களும் பலகையின் பட்டியும் நீட்டிக்கொண்டிருந்தன. மாதிரி எடுக்க வந்தவள் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

“உங்களுக்குத் தெரிஞ்சிருந்திச்சா ரீச்சர்?”

“ஓம்.”

“எப்ப இருந்து?”

“ரெண்டு கிழமை.”

அவர் சிவப்பு மண் பக்கம் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. ஜெசிந்தாவுக்குக் கோபம் வராது என்று இந்த மலரில் யாராவது எழுதியிருந்தால், அது சரியில்லை. நான் கண்டேன்.

பிறகு, “இதுக்குப் பேர் என்ன?” என்று கேட்டார்.

“ஊசிப்பாலை.”

“காத்துக்கு ஆடுது. கொஞ்சம் பிடியுங்க.”

நான் பையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, கொடியின் தண்டை இரண்டு விரலால் பிடித்தேன். ஒரு மணித்தியாலம் பிடித்திருப்பேன். மழை விட்டுவிட்டுத் தூறியது. விரல் விறைத்தது. அவர் பூவைப் பார்ப்பார், தாளைப் பார்ப்பார், மறுபடி பூவைப் பார்ப்பார். என்னை ஒரு தடவையும் பார்க்கவில்லை. அந்த நேரத்திலும், அத்தனை பெரிய பிழையைச் செய்துவிட்டு நின்ற நேரத்திலும், அவர் கையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் ஊசியால் பிரித்துப் பிரித்து அறிந்ததை அவர் தொடாமலே கண்டுகொண்டிருந்தார்.

அன்று எடுத்த மாதிரி பலகைக்குள் காய்ந்த பிறகு, ஓய்வறையில் நாங்கள் இருவரும் அதைத் தாளில் ஒட்டினோம். அனுப்ப வேண்டிய சீட்டை அவர் நிரப்பினார். இடம்: மணற்பாங்கான நிலத்தில் நன்னீர்ப் பள்ளம், கோரைகளுக்கு நடுவே, அடி தண்ணீரில். அதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத, இதைவிடச் சரியாக என்னால் எழுத முடியாது என்று நினைத்தேன். ‘இனங்கண்டவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்.

“அது நீங்க எல்லோ,” என்றேன். பலமாகச் சொல்லவில்லை.

“எனக்குப் பேர் தெரியாதே ரீச்சர். பேர் சொன்னது நீங்கதானே.”

அவர் அதைப் பெருந்தன்மையோடு சொன்னாரா, அல்லது அதுதான் எனக்குத் தகுந்த தண்டனை என்று சொன்னாரா என்பது இன்று வரை எனக்கு விளங்கவில்லை. நான் சீட்டை வாங்கித் தாளின் மூலையில் ஒட்டினேன். தாள் மலைநாட்டுக்குப் போனது. இனம் சரி என்று பதில் வந்தது. பரிசளிப்பு விழாவில் அதிபர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நான் மேடைக்கு ஏறினேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். முன்வரிசையில் இருந்து ஜெசிந்தாவும் தட்டினார். விழா முடிந்ததும் எல்லோரும் காட்சிக்கு வைத்திருந்த அவருடைய ஊசிப்பாலைப் படத்தைப் பார்க்கத்தான் போனார்கள் என்று அன்றும் மனம் புழுங்கினேன். ஒருவருக்குரிய இடத்தில் நின்றுகொண்டே அவர் மீது பொறாமைப்பட முடியும் என்பதை அன்று அறிந்தேன்.

அடுத்த இரண்டு வருடம் நாங்கள் மரியாதையாக இருந்தோம். சேர்ந்து தேத்தண்ணீர் குடித்தோம். அவர் பழையபடி செடிகளின் பெயர்களை என்னிடம் கேட்டார், மறந்தார், திரும்பவும் கேட்டார். அந்த நாளைப் பற்றி அவர் பிறகு ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருக்குச் சிலாபத்துக்கு இடமாற்றம் வந்தபோது எனக்குச் சற்று மூச்சு வந்தது போல இருந்தது. பிரியாவிடைக்கு எல்லோரும் அழுதார்கள். நான் கேக் வெட்டிப் பரிமாறினேன்.

அடக்கத்துக்குச் சிலாபத்துக்கு ஒரு வேன் பிடித்துப் போனோம். கடலுக்குக் கிட்டவாக, சின்ன வீடு. முற்றத்தில் வலைகளை ஒதுக்கிப் பந்தல் போட்டிருந்தார்கள். ஜெசிந்தாவின் தங்கை ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார். ரமீஸாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என்னிடம் வந்தார்.

“நீங்க எந்த ரீச்சர்?”

“கௌரி. உயிரியல்.”

அவர் முகம் மாறியது. “ஐயோ, அந்தப் பூவைக் கண்டுபிடிச்ச ரீச்சரா? அக்கா எத்தின தரம் சொல்லியிருக்கிறா. எல்லாரும் தெரியாதெண்ட ஒரு கொடிக்குக் கௌரி ரீச்சர்தான் பேர் கண்டது எண்டு. வீட்டுக்கு வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவா.”

நான் அவருடைய கையைப் பிடித்தபடி நின்றேன். பத்துப் பேருக்கு முன்னால், ஜெசிந்தாவின் பெட்டிக்குப் பக்கத்தில், “ஓம்” என்றும் சொல்ல முடியவில்லை, “இல்லை” என்றும் சொல்ல முடியவில்லை. வீட்டில்கூட அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் செய்ததைத் தன் தங்கைக்கும் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

போன கிழமை லீவு போட்டுவிட்டு மலைநாட்டுக்குப் போனேன். சேகரிப்பில் இருந்த உத்தியோகத்தர் இளம் வயதுச் சிங்களப் பெண். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விசயத்தைச் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். பூவின் நிறம் போய்விட்டது. நரம்புகள் மட்டும் தெரிந்தன.

“இனங்கண்டவர் பெயரை மாற்ற வேண்டும்,” என்றேன்.

“இனம் பிழையா?”

“இனம் சரி. ஆள் பிழை.”

அவர் சிரிக்கவில்லை. எழுதியதை வெட்டவும் முடியாது, சீட்டைக் கழற்றவும் முடியாது என்றார். அது அங்கே உள்ள ஒழுங்கு. யார் எப்போது என்ன சொன்னார்களோ அது அப்படியே இருக்க வேண்டும். திருத்தம் இருந்தால் புதிய சீட்டு எழுதிக் கீழே ஒட்டலாம். ஒரு சிறிய சீட்டை எடுத்துத் தந்தார். இது நன்னாரி அல்ல என்று முதலில் கண்டவர் ஜெசிந்தா என்றும், அது தண்ணீரில் நிற்பதைக் கொண்டு அவர் அதைக் கண்டார் என்றும், என் பிழையை அவர் திருத்தினார் என்றும் எழுதி, கீழே கையெழுத்து வைத்தேன். இடம் போதவில்லை. பின்பக்கமும் எழுதினேன்.

உத்தியோகத்தர் அதை வாசித்துவிட்டு, “அவர் தாவரவியல் படித்தவரா?” என்று கேட்டார்.

“இல்லை. சித்திரம்.”

“இப்போது எங்கே இருக்கிறார்? ஒரு கடிதம் அனுப்பலாமே.”

நான் சொன்னேன். அவர் பசையை எடுத்துச் சீட்டை ஒட்டினார்.

குறிஞ்சிப்பிட்டியில் ஹாஜியார் நிரப்பிய பக்கத்தில் கபானாக்கள் எழும்பிவிட்டன. மற்றப் பக்கத்தை அவர் வேலியடைத்து வைத்திருக்கிறார். மாரியில் கொடி இன்னும் பூக்கிறது. பாதி போனது என்னால். பாதி இருப்பது அவரால். இந்த மலரை வாசிக்கும் உங்களுக்கு இதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன்.

ஜெசிந்தாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பொறாமையைத்தான். பெட்டியை இறக்கும்போது அதையும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அது போகவில்லை. அவருடைய அன்பு உங்களிடம் இருக்கிறது. அதில் எனக்குப் பங்கு கேட்க வழியில்லை. என்னிடம் இருப்பது இது. இப்போது பிள்ளைகள் ஒரு செடியைக் கொண்டு வந்தால், நான் கதிரையை விட்டு எழும்பி அதை ஜன்னலடிக்குக் கொண்டு போகிறேன். ஜெசிந்தாவுக்கு இதில் என்ன தெரிந்திருக்கும், எனக்கு ஏன் தெரியவில்லை என்ற எரிச்சலோடுதான் அதைப் பார்க்கிறேன். அந்த எரிச்சல் என்னை விடாமல் பார்க்க வைக்கிறது.